மருந்து வேளையும் மறதியும்

1993-ஆம் ஆண்டில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயின் போக்கையே ஓரளவு தடுக்கவல்ல முதல் மருந்தாக இன்டர்ஃபெரான் பீட்டா-1பி அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, கைவசம் இருந்த சரக்கு, கேட்டு நின்றவர்களில் ஒரு பகுதியினருக்கே போதுமானதாக இருந்தபடியால், யாருக்கு முந்திக் கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. அதுவரையில், நோய் பாய்ந்து வரும் சமயங்களில் ஸ்டீராய்டு கொடுத்து அதன் உக்கிரத்தைத் தணிப்பதற்கு மேல் வைத்தியர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே தம் பெயருக்குச் சீட்டு விழாதா என்று ஏங்கி நின்றவர்களின் மனநிலையை நாம் எளிதில் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால், அவ்வாறு ஏங்கிப் பெற்ற அதே வகை மருந்து, தட்டுப்பாடெல்லாம் நீங்கி வீட்டுக் குளிர்பெட்டியின் கதவோரத்தில் வந்து அமர்ந்த பிறகு, வேளை தவறலாயிற்று. 22 தேசங்களில் 2,648 நோயாளிகளை விசாரித்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முந்தைய நான்கு வாரங்களில் ஓர் ஊசிகூடத் தவறாமல் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 75 பேர். எஞ்சிய கால் பங்கினரிடம் காரணம் கேட்டபோது, பாதிப் பேர் சொன்ன விடை, 'மறந்துவிட்டேன்' என்பதே.

இந்த ஒற்றைச் சொல்லைத்தான் இக்கட்டுரை சற்று நிதானமாக ஆராய விரும்புகிறது. 'மறந்துவிட்டேன்' என்பது நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பெரும்பாலும் ஒரு மன்னிப்புக் கோரிக்கையாகவே வழங்குகிறது. கேட்பவர் முகத்தில் உடனே ஒரு சந்தேகப் புன்னகை தோன்றுவதும் அதனால்தான். மூளையையே தாக்கும் நோயொன்றில் அகப்பட்டவர் அதே சொல்லைச் சொல்லும்போது, அது மன்னிப்புக் கோரிக்கையா அல்லது நோயின் லட்சணமா என்று கேட்பவர் மிகச் சிலர். நான் அறிந்தவரையில், அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து விதமான தவறுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்பு உறையை, உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தாக்கி, மூளையிலும் முதுகுத் தண்டிலும் அங்கங்கே தழும்புகளை உண்டாக்குகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருவது. தமிழில் இதற்குத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று ஒரு பெயர் வழங்குகிறது. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாதி உண்மையையே சொல்கிறது. தண்டுவடத்தைச் சொல்லி மூளையை விட்டுவிடுகிறது. இந்தப் பிழையைத் தமிழ் மட்டும் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. பாரிஸ் நகரத்து ஸால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் 1868-இல் இந்நோயைத் தெளிவாக வரையறுத்து விவரித்தபோதே, நடுக்கம், பேச்சுக் குழறல், கண் துடிப்பு ஆகியவற்றோடு, ஞாபக சக்தி குன்றுவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் குறித்து வைத்திருந்தார். அதன்பின் வந்த நூறாண்டுக் காலம் அந்தக் குறிப்பின்மேல் தூசி படிந்துவிட்டது. நரம்பியல் நிபுணர்கள் கையில் எடுத்தது சுத்தியல். தட்டிப் பார்த்தது முழங்கால். இன்றுவரை உலகெங்கும் வழங்கும், கர்ட்ஸ்கி என்பவர் வகுத்த ஊன அளவுகோல்கூட, 1983-இல் திருத்தி வெளியிடப்பட்ட வடிவத்தில், அதன் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், கைத்தடி வேண்டுமா என்பதை வைத்தே நோயின் கடுமையை நிர்ணயிக்கிறது. நன்றாக நடக்கிற, ஆனால் நேற்றுச் சொன்னதை இன்று பற்றிக்கொள்ள முடியாத ஒருவர், அந்தக் கோலின் கணக்கில் ஏறக்குறைய சுகமாகவே இருப்பவர்.

1991-இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ராவ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த மயக்கத்தைக் கலைத்தது. மருத்துவமனைக்கு வந்து சேரும் கடுமையான நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஊரில் தத்தம் வீடுகளில் வாழும் 100 நோயாளிகளையும், வயதிலும் கல்வியிலும் அவர்களை ஒத்த 100 ஆரோக்கியவான்களையும் நிறுத்தி, விரிவான மனப் பரீட்சைகளை நடத்தினார்கள். அந்தப் பரீட்சைகளின்படி அறிவாற்றல் குன்றியவர்களாக நோயாளிகளில் 48 பேரும் மற்றவர்களில் 5 பேரும் கண்டறியப்பட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் இருக்கக்கூடிய அந்த ஐந்தைக் கழித்துவிட்டு, நோயின் கணக்கில் நூற்றுக்கு 43 என்று எழுதினார்கள். நேர்மையான கழித்தல் அது. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் இந்த எண்ணைச் சற்று ஏற்றியும் இறக்கியும் சொல்லியிருந்தாலும், ஏறக்குறையப் பாதிப் பேர் என்ற நிலை மாறவில்லை.

குன்றுவது எது என்பதும் முக்கியம். இது முதியோரைப் பீடிக்கும் மறதி நோயைப் போன்றதன்று. சொந்தப் பெயரோ, பிள்ளைகளின் முகமோ, கற்ற பாஷையோ பெரும்பாலும் கெடுவதில்லை. சம்பாஷணை சரளமாகவே நடக்கும். குறைவது முக்கியமாக மனத்தின் வேகம். அதை அளக்கும் ஒரு சிறு பரீட்சையைப் பார்த்தால் இது விளங்கும்: தாளின் தலைப்பில் ஒன்பது விசித்திரக் குறிகள், ஒவ்வொன்றின் கீழும் 1 முதல் 9 வரையில் ஓர் எண், அதற்குக் கீழே அக்குறிகள் மட்டும் வரிசை குலைந்து பத்தி பத்தியாக நிற்கும். மேலே பார்த்து, கீழே உள்ள குறிக்குரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். காலம் 90 விநாடி. எவரும் தவறாகச் சொல்லுவது அபூர்வம். எத்தனை தூரம் போனார்கள் என்பதே கேள்வி. நோயுற்றவர் அதே வழியில்தான் செல்கிறார், ஆனால் மணி அடிக்கும்போது பாதி வழியில் நிற்கிறார். வைத்தியரின் அறையில் நமக்கு வாய்க்கும் பத்து நிமிஷங்களும் ஒருவிதத்தில் இத்தகைய பரீட்சையே அல்லவா? மருந்தின் பெயர், அளவு, வைக்கும் இடம், தவறினால் செய்ய வேண்டியது, ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி என்று அடுக்கடுக்காகச் சொல்லப்படும்போது, முதலாவதைப் பிடித்து உள்ளே வைப்பதற்குள் நான்காவது கடந்து போய்விடுகிறது. தலையை மட்டும் அவர் உரிய இடங்களில் அசைத்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷமாகக் கற்ற சபை மரியாதையை நோய் இன்னும் தொடவில்லை.

நியூ ஜெர்ஸியில் ஜான் டிலூகா முதலியோர் 1990-களில் கண்டறிந்த ஒரு விஷயம் இங்கே மிகவும் பொருந்துகிறது. இந்நோயாளிகளின் ஞாபகக் குறைவுக்குக் காரணம், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முடியாமை என்றே முன்பு கருதி வந்தார்கள். ஆனால், ஒரு சொற்பட்டியலை முழுவதும் ஒப்பிக்கும் வரையில் திரும்பத் திரும்பப் படிக்க இடங்கொடுத்தபோது, நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட அதிக முறை தேவைப்பட்டதேயன்றி, ஒருதரம் நன்றாகப் படிந்தபின் சிறிது காலம் கழித்துக் கேட்டால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். அதாவது, களஞ்சியத்தில் ஓட்டை இல்லை, வாசல்தான் குறுகிவிட்டது. ஆகையால் 'மறந்துவிட்டேன்' என்று அவர் சொல்லும்போது, பல சமயங்களில் அவர் மறக்கவே இல்லை. மறப்பதற்கு முன்னால் அது உள்ளே போயிருக்க வேண்டுமே! நான் சொன்ன ஐந்து வகைத் தவறுகளில் இது முதலாவது.

இனி, அந்த இன்டர்ஃபெரான் ஊசியையே எடுத்துக்கொண்டு, அது ஒரு மனிதரிடம் என்ன கேட்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். வட அமெரிக்க நகரமொன்றில், குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து நிற்கும் ஒரு பெண்மணியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் போட வேண்டியது. கேட்பதற்கு எளிது, ஆனால் வாரத்துக்கு ஏழு நாள் என்ற ஒற்றைப்படைக் கணக்கு இங்கே தொல்லை கொடுக்கிறது. இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்றால், அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி. எந்தக் கிழமையோடும் முடிச்சுப் போட்டு நினைவில் நிறுத்த முடியாது, 'நேற்றுப் போட்டேனா?' என்று கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நேற்றைய நினைவு உறுதியாக இல்லாதவருக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஒரு முறையைக் கண்டுபிடிப்பது சிரமந்தான்! வாரத்துக்கு மூன்று முறை என்று பின்னால் வந்த ஊசிகளில், கிழமைகளைக் கட்டி வைத்ததால் இந்தச் சங்கடம் பெருமளவு தீர்ந்தது.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்பு வலி என ஃப்ளூ ஜுரம் கண்டாற்போல் வரும். தூக்கத்திலேயே அது கழிந்து போகட்டும் என்பதற்காக இரவில், பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டுப் போட்டுக்கொள்ளும்படி சொல்லுகிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் இந்நோயின் மற்றொரு லட்சணமாகிய களைப்பு, பிற்பகலிலிருந்து ஏறிக்கொண்டே போய் இரவில் உச்சத்தில் நிற்பது. ஆக, நாள் முழுவதிலும் மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாழிகையைத் தேடி எடுத்து, அதில் மிகவும் நுணுக்கமான காரியத்தை வைத்தாயிற்று. அவர் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார். பொடி இருக்கும் குப்பியும், அதைக் கரைக்கும் திரவமும், ஊசியும் வேண்டும். திரவத்தை மெதுவாக உள்ளே விட வேண்டும். குலுக்கக் கூடாது, மென்மையாகச் சுழற்ற வேண்டும். போன முறை இடது தொடையில் போட்டதனால் இன்று வேறிடம். தோல் சிவந்து கன்றிப் போகாமல் இருக்கத் தொடை, வயிறு, புஜம், இடுப்பு என்று இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். இந்த நேரத்தில் ஓர் அறையிலிருந்து குழந்தை அழுகிறது. போய்த் திரும்பி வந்தவர், மேஜைமேல் கிடக்கும் குப்பியைப் பார்த்து, போட்டாயிற்றா, போடப் போகிறோமா என்று நிற்கிறார்.

இந்தக் காட்சியில் மற்ற நான்கு தவறுகளும் வந்துவிட்டன: காரியத்தை ஒழுங்குபடுத்தித் திட்டமிடும் திறன் குறைவது, குறித்த வேளையில் அது தானாக மனத்தில் எழாமல் போவது, இடையில் குறுக்கீடு வந்தால் இழை அறுந்துபோவது, செய்து முடித்ததைச் செய்ததாக நினைவில் கொள்ளாமல் போவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது, ஏனென்றால் அது மருந்தைத் தவறவிடுவதோடு நில்லாமல் இரட்டிப்பாகவும் கொடுத்துவிடும். நடையைச் சிறிது சீராக்குவதற்காக அமெரிக்காவில் 2010 முதல் வழங்கும் ஃபாம்பிரிடின் மாத்திரை இதற்கு நல்ல உதாரணம்: 10 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று; அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம்; தவறிய மாத்திரையைச் சேர்த்து விழுங்கவே கூடாது.

குறித்த வேளையில் மனத்தில் எழுவதை மனோதத்துவ நூலார் வருங்கால ஞாபகம் என்ற தனி இனமாகப் பிரிக்கிறார்கள். நடந்ததை நினைப்பது ஒன்று, நடத்த வேண்டியதை நினைப்பது வேறொன்று. பின்னதற்கு எவரும் வந்து 'நினைத்துக்கொள்' என்று சொல்லுவதில்லை என்பதே வித்தியாசம். இதைப் பரீட்சிப்பதற்கென்று பீட்டர் ரெண்டல், ஃபெர்கஸ் கிரெய்க் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் ஒரு பலகை விளையாட்டைச் செய்தார்கள். தாயக் கட்டையை உருட்டிக் காயை நகர்த்திக்கொண்டு பலகையை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு நாள் கழிந்ததாகக் கணக்கு. ஏழு சுற்றுக்கு ஒரு வாரம். போகிற வழியில் காலை உணவு, கடைவீதி, நண்பர் வருகை என்று சீட்டுகள் வரும். அவற்றில் எதையாவது தேர்ந்தெடுத்துக்கொண்டே, காலை உணவின்போதும் இரவு உணவின்போதும் ஒரு மருந்தும், முற்பகல் 11 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வேறொரு மருந்தும் எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். உணவு என்ற நிகழ்ச்சியோடு கட்டுண்ட மருந்து, வெறும் மணியோடு கட்டுண்ட மருந்தைவிட நினைவில் நிற்பது எவர்க்கும் எளிது என்று நாம் அனுபவத்தில் அறிவோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களை இந்தப் பலகையின்முன் உட்கார வைத்தபோது, மற்றவர்களைவிட அதிகமாகத் தவறவிட்டார்கள். விளையாட்டில் தவறியதைக் கண்டு அவர்களை எவரும் அலட்சியக்காரர் என்று சொல்லவில்லை. வீட்டில் தவறினால் மட்டும் சொல்லுகிறோம்.

இங்கே ஒரு விஷச் சுழலைக் காண்பது மிகவும் இயல்பு: நோய் ஞாபகத்தைக் குறைக்கிறது; ஞாபகக் குறைவால் மருந்து தவறுகிறது; மருந்து தவறினால் புதிய தழும்புகள்; புதிய தழும்புகளால் மேலும் ஞாபகக் குறைவு. தர்க்கத்துக்குப் பொருந்துவது அத்தனையும் நிரூபிக்கப்பட்டதாகிவிடாது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்களிடம் மனக் குறைபாடுகள் குறைவாக இருந்தன என்று மேலே சொன்ன 22 தேச ஆராய்ச்சியிலும் தெரிந்தது. ஆனால் மருந்து மனத்தைக் காத்ததா, காக்கப்பட்ட மனம் மருந்தைக் காத்ததா என்பதை ஒரே ஒரு முறை எடுத்த கணக்கு சொல்லாது. இரண்டும் ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக விரும்பவில்லை. ஆனால் சில மருந்துகளில், தவறுவதன் பலன் தர்க்கத்துக்குக் காத்திராமல் பிரத்தியட்சமாக வந்துவிடுகிறது. 2010-இல் அமெரிக்காவில், இந்நோயின் போக்கைத் தடுக்கும் முதல் வாய்வழி மருந்தாக அனுமதி பெற்ற ஃபிங்கோலிமோடைப் போட்ட முதல் நாளில் இதயத் துடிப்பு மந்தமாகக் கூடுமாதலால், ஆறு மணி நேரம் வைத்தியசாலையில் உட்கார வைத்துக் கவனிக்கிறார்கள். முதல் இரண்டு வாரங்களில் ஒரே ஒரு நாள் தவறினாலும், மூன்றாவது நான்காவது வாரங்களில் ஏழு நாளுக்கு மேல் தவறினாலும், அதன்பின் பதினான்கு நாளுக்கு மேல் தவறினாலும் அந்த ஆறு மணி நேரக் காவலை மீண்டும் தொடங்க வேண்டும். இந்த விதியைப் படித்து நினைவில் நிறுத்துவதே ஒரு ஞாபகப் பரீட்சை! மேலும் இம்மருந்தை அடியோடு நிறுத்தியவர்களில் சிலருக்கு நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பிவந்ததைக் கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2018-இல் எச்சரிக்கை விடுத்தார்கள்.

மருந்தே ஞாபகத்துக்குப் பகையாவதும் உண்டு. சிறுநீர் அடக்க முடியாத உபாதைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், மூளையில் ஞாபகத்துக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென் மந்தத்தையும் தூக்கத்தையும் தரும். அது பிடிக்கவில்லை என்று திடீரென நிறுத்தினாலோ வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். ஒரு மாத்திரையை நினைவில் வைக்கும் சக்தியை இன்னொரு மாத்திரை தின்றுகொண்டிருக்க, இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, 'வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்' என்று சொல்லியனுப்புவது, கவனித்துப் பார்த்தால், வினோதமான உபதேசந்தான்.

தவறியதை அளப்பது எப்படி என்பதும் எளிதான கேள்வியன்று. நோயாளியைக் கேட்டால் அவர் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். தவறியதையும் மறந்தவர் எதைச் சொல்லுவார்? மருந்துக் கடைக் கணக்கைப் பார்த்தால், வாங்கியது தெரியுமேயன்றிப் போட்டது தெரியாது. ஆகவே மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சிறு மின்னணு யந்திரத்தைப் பதித்து, அது திறக்கப்படும் ஒவ்வொரு வேளையையும் தானே குறித்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஊசிக்கு என்ன செய்வது? கான்ஸஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், போட்டு முடித்த ஊசியைப் போடும் பெட்டியின் மூடியிலேயே அந்த யந்திரத்தைப் பொருத்திவிட்டார்கள். மருந்தின் வாசலில் காவல் வைக்காமல் குப்பையின் வாசலில் வைத்த இந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன். அவ்வாறு எட்டு வாரம் 55 பேரைக் கவனித்து, ஜாரெட் புரூஸ் முதலியோர் 2010-இல் எழுதிய கட்டுரையில் ஞாபகக் குறைவுக்கும் மருந்து தவறுவதற்கும் தொடர்பு தெரிந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறு. மனச்சோர்வோ பதற்றமோ நோயாக வளர்ந்திருந்தவர்கள், அவை இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக மருந்தொழுங்கில் சிக்கலுற்றார்கள். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்நோயாளிகளில் பாதிப் பேரை மனச்சோர்வு பீடிப்பதால், இது ஓரத்தில் ஒதுக்கிவிடத்தக்க செய்தியன்று.

ஆகவே, எல்லாவற்றையும் மறதியின் தலையில் கட்டுவதும் பிழையே. வேண்டுமென்றே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. இந்த மருந்துகள் இன்று வலியைத் தீர்த்து 'பார், குணமாயிற்று' என்று காட்டுபவை அல்ல. அடுத்த வருஷம் வரக்கூடிய தாக்குதல்களில் சிலவற்றை வராமற் செய்பவை. பழைய இன்டர்ஃபெரானின் பலன், தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததே. வராமற்போன துன்பத்தை யாரும் கண்ணால் காண்பதில்லை; ஊசியின் மறுநாட் காலையில் வரும் உடம்பு வலியையோ நன்றாகக் காண்கிறார்கள். நிறுத்துவதென்று யோசித்து எடுத்த முடிவும், நினைவு தவறியதும், எழுந்திருக்கவே மனமில்லாத சோர்வும் ஆகிய மூன்றும் வெளியே ஒரே தோற்றத்தில் நிற்கின்றன: குளிர்பெட்டியில் குறையாத ஊசிகள். நோயாளியே தம் ஞாபகத்தைப் பற்றிச் சொல்லும் புகார், பரீட்சையில் தெரியும் குறையைவிட அவருடைய மனச்சோர்வையே பெரும்பாலும் பிரதிபலிக்கிறது என்பதையும் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 'எனக்கு எல்லாம் மறந்து போகிறது' என்று அழுகிறவரின் ஞாபகம் திடமாக இருக்கலாம். 'எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சிரிப்பவரின் ஊசிப் பெட்டி நிறைந்திருக்கலாம். அதனால்தான் வீட்டிலிருப்பவர் ஒருவரையும் தனியே கேட்பது வழக்கமாகியிருக்கிறது.

பரிகாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலாரமும், கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியும், நாட்காட்டியில் போடும் குறுக்குக் கோடும் எல்லோருக்கும் தெரிந்தவை. அலாரம் வேளையை நினைவூட்டும், ஆனால் அதை நிறுத்திவிட்டு 'இதோ' என்று உட்கார்ந்தவரை மறுபடி எழுப்பாது. மாத்திரைப் பெட்டிதான், 'போட்டேனா?' என்ற கேள்விக்குக் காலியான அறையால் விடை சொல்லும் ஒரே கருவி. பீட்டர் கால்விட்ஸர் என்ற ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பிரசித்தப்படுத்திய ஓர் எளிய உபாயமும் உண்டு: 'தினமும் மருந்து போட வேண்டும்' என்று சங்கற்பம் செய்யாமல், 'காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்தவுடன் மாத்திரைப் பெட்டியைத் திறப்பேன்' என்று, நிகழ்ச்சியையும் செயலையும் இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று இணைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது. மணியை நம்பியிருந்த மருந்தை நிகழ்ச்சியின் கையில் ஒப்படைக்கும் வேலை இது. அந்தப் பலகை விளையாட்டில் பார்த்த வித்தியாசமே இங்கே ஆயுதமாகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. நியூ ஜெர்ஸியின் கெஸ்லர் நிறுவனத்தில் நான்ஸி சியாரவல்லோட்டியும் டிலூகாவும் நடத்திய பரிசோதனைகளில், வாக்கியத்தில் சொல்லை எழுதியே கொடுத்துப் படிக்கச் சொன்னதைவிட, அந்த இடத்தைக் காலியாக விட்டு நோயாளியே சொல்லைக் கண்டு நிரப்பும்படி செய்தபோது, அது அவர் நினைவில் நன்றாகத் தங்கியது. தாமே பெற்றெடுத்த சொல், பிறர் கொடுத்த சொல்லைவிட வாசலில் எளிதாக நுழைகிறது. பின்னர் 2013-இல் வெளியான 86 பேர் அடங்கிய ஒரு பரிசோதனையில், கற்க வேண்டியதை மனச்சித்திரமாகவும் கதையாகவும் மாற்றிக்கொள்ளப் பத்து அமர்வுகளில் பயிற்சி அளித்ததும் பயன் தந்தது. இதை மருந்துச் சீட்டுக்குப் பிரயோகிப்பது எவ்வளவு எளிது! 'இரவில் போடுங்கள்' என்று சொல்லிவிடாமல், 'உங்கள் வீட்டில் இரவு எந்த நேரத்தில் எல்லோரும் அடங்குவார்கள்? அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? மருந்து எங்கே இருக்கும்?' என்று கேட்டு, விடையை நோயாளியே சொல்ல, அதையே எழுதிக்கொண்டு, கடைசியில் திரும்பவும் அவரையே முழுவதும் சொல்லச் செய்து, தடுமாறினால் இன்னொரு தரம். வாசல் குறுகியவருக்கு அதிக முறை வேண்டும் என்று தெரிந்தபின், ஒரே முறை சொல்லிவிட்டு அனுப்புவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது? கூடுதலாக ஐந்து நிமிஷம் செலவாகும். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பணம் கொடுக்கும் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் அங்கங்களைக் கணக்கெடுக்கும்போது நோயாளி, வைத்தியன், மருந்து என்ற மூன்றோடு நில்லாமல், உடனிருந்து மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவனை நான்காவது அங்கமாக வைக்கிறது. மருந்தொழுங்கைப் பற்றிய நவீன ஆராய்ச்சி வெகுகாலம் முதலாமவனை மட்டுமே அளந்துகொண்டிருந்தது. 'கீழ்ப்படிதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லால்தான் முன்பு அதைக் குறித்தும் வந்தார்கள். ஆனால் இந்நோயில் நான்காமவரின் நிலை மிகவும் சிக்கலானது. நோயாளி பெரும்பாலும் இளவயதுப் பெண். குடும்பத்தில் எல்லோருடைய தடுப்பூசித் தேதியையும், மாமியாரின் கண் சொட்டு மருந்து வேளையையும் நினைவில் வைத்திருந்தவர் அவரேதான். இப்போது கணவர் வந்து, 'போட்டாயா?' என்று நாள்தோறும் கேட்பது, கேட்பவருக்கு அக்கறை. கேட்கப்படுபவருக்கு, தான் இழந்த பதவியின் ஞாபகம். அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காகவே 'போட்டுவிட்டேன்' என்று சொல்லிவிடுவதும் உண்டு.

இப்போது மருந்துகளே இந்தச் சங்கடத்துக்கு வேறொரு வழியைத் திறந்திருக்கின்றன. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்ரெலிஸுமாப், முதல் தவணை இரண்டு வாரம் இடைவிட்டு இரு பாகமாகவும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நரம்பில் ஏற்றப்படுவது. நட்டாலிஸுமாப் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. நினைவில் வைப்பது இனி நோயாளியின் பொறுப்பன்று. வைத்தியசாலையின் நாட்குறிப்பும் தொலைபேசியும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. ஞாபகம் குன்றியவருக்கு எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்கும்போது, அவரால் எதை நினைவில் வைக்க முடியும் என்பதையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. தொண்ணூறு விநாடிப் பரீட்சைத் தாளுக்கு அந்த மேஜையில் ஓர் இடம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் நோய்த்தொற்று அபாயம், வேறு நோய்கள், செலவு, பிள்ளைப் பேற்றுக் காலம் முதலியவற்றால் எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. பொருந்தினாலும், ஆறு மாதத்துக்கொரு முறை நாற்காலியில் சாய்ந்து சொட்டுச் சொட்டாக மருந்தை ஏற்றிக்கொண்டு, அதன்பின் ஒரு மணி நேரம் கவனிப்பில் இருந்துவிட்டு வீடு திரும்பும் அந்தப் பெண்மணி, சமையலறை விளக்கைப் போட்டதும் முதலில் பார்ப்பது ஜன்னலோரத்தில் இருக்கும் மாத்திரைப் பெட்டியைத்தான். பாக்லோஃபென் மூன்று வேளை, நடைக்கானது 12 மணி நேரத்துக்கொருமுறை, சிறுநீருக்கானது படுக்கும்போது. வியாழக்கிழமையின் நடு அறை மூடியிருக்கிறது, உள்ளே மாத்திரை இருக்கிறது. இன்று வியாழனா, வெள்ளியா என்று அவர் சுவரில் மாட்டிய நாட்காட்டியைத் திரும்பிப் பார்க்கிறார்.